பின்னால் பனைமரம், முன்னால் ஏரி: எந்த நீளத் தூண்டில் கோல் எடுப்பது?

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதுராந்தகம் ஏரி, கொளவாய் ஏரி என்று பெயர்பெற்றவை ஒரு பக்கம். ஊருக்கு ஊர் சித்தேரி, பெரியேரி, தாங்கல் என்று கிடப்பவை இன்னொரு பக்கம். இந்த ஏரிகளின் கரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கரைமேல் பனை வரிசை. சரிவில் சீமைக்கருவேல முள். நின்று தூண்டில் போட நாலு அடி இடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

இந்த நாலு அடியில் நின்று கோலைத் தலைக்குப் பின்னால் வீசினால், முள் மீனில் மாட்டாது, மரத்தில்தான் மாட்டும். கரையில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்தால் தெரியும். மீனுக்குக் காத்திருக்கும் நேரத்தைவிட, கிளையில் சிக்கிய நரம்பை எடுக்கும் நேரம்தான் அதிகம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கயிற்றைப் பின்னால் பறக்கவிடாமல், தண்ணீர் மேலேயே உருட்டி முன்னால் விடுவது. 'ரோல் காஸ்ட்' என்பார்கள். நாம் 'உருட்டு வீச்சு' என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு எத்தனை அடிக் கோல் சரி, கையை எப்படி அசைக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

குண்டு இழுக்கும் தூண்டில், கயிறு இழுக்கும் தூண்டில்

கடையில் வாங்கும் சாதாரண ரீல் தூண்டிலில் நரம்பு மெல்லிசு. எடை முழுவதும் நுனியில் இருக்கும் ஈயக்குண்டில். குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். 'ஃபிளை ராடு' எனப்படும் ஈத் தூண்டிலில் இது தலைகீழ். நுனியில் இருப்பது முள்ளில் கோழி இறகு சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது. எடை முழுவதும், பூச்சு பூசிய தடித்த மிதக்கும் கயிற்றில் இருக்கும். அதன் முனையில் 7 முதல் 9 அடி நுனி நரம்பு, அதில் பூச்சி.

வண்டிமாட்டுச் சாட்டையை நினைத்துப் பாருங்கள். பிடியை அசைத்ததும் ஒரு மடிப்பு உருண்டு உருண்டு நுனிவரை போய்ச் சொடுக்குகிறது அல்லவா? ஈத் தூண்டில் வேலை செய்வது அப்படித்தான். இந்தக் கயிறுகளுக்கு எடையை வைத்து எண் கொடுத்திருக்கிறார்கள். 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 9 கிராம், அதாவது ஒரு பவுனுக்குச் சற்றுக் கூடுதல். 8-ஆம் எண் என்றால் 13 கிராமுக்கு மேல்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய சரக்கு அல்ல. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியத் தூண்டில் பற்றி 1873-லும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனியாக 1887-லும் புத்தகம் எழுதியவர். நீலகிரியில் 1907-ல் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சுப் பண்ணை தொடங்கிய பிறகு, மலை ஓடைகளில் இந்தக் கோல் நன்றாகவே புழங்கியது. சமவெளி ஏரிக்கரைக்குத்தான் அது சரியாக இறங்கி வரவில்லை.

பின்னால் எவ்வளவு இடம் வேண்டும்?

தலைக்கு மேல் வீசும் முறையில், முன்னால் 40 அடி போக வேண்டுமென்றால் பின்னாலும் ஏறக்குறைய 40 அடி கயிறு நீண்டு விரிய வேண்டும். ஏரிக்கரையில் அது நடக்காது. உருட்டு வீச்சில் கயிறு பின்னால் பறப்பதே இல்லை. அதன் முன்பாதி தண்ணீரில் கிடக்கும். பின்பாதி கோல் நுனியிலிருந்து இறங்கி, தோளுக்குப் பின்னால் தொட்டில் புடவைபோல் வயிறு தள்ளித் தொங்கும். பின்னால் மூன்று நான்கு அடி இருந்தால் போதும்.

தண்ணீரில் கிடக்கும் பகுதிதான் இந்த வீச்சுக்கு நங்கூரம். தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்வதால்தான், கோலை முன்னால் தள்ளும்போது கயிறு இறுகி, கோல் வளைந்து, விசை ஏறுகிறது. அதனால்தான் காய்ந்த களத்திலோ புல்தரையிலோ இது சரியாக வராது. கயிறு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பழகுவதற்கு அருமையான இடம் நம்மிடமே இருக்கிறது: சேறடித்துத் தண்ணீர் கட்டி, நாற்று நடக் காத்திருக்கும் வயல். வரப்பில் நின்று, முள் இல்லாமல், நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டிப் பழகலாம்.

நீளம் கூடினால் என்ன நடக்கும்?

முதலாவது, நுனி உயரம் கூடும். உயரம் கூடினால், தண்ணீரில் ஒட்டிக் கிடக்கும் கயிற்றில் கூடுதலாகக் கொஞ்சம் மேலே எழும். உருட்டும்போது நகரும் கயிறு அதிகம், இழுத்துப் பிடிக்கும் கயிறு குறைவு. எனவே அதே முயற்சிக்குக் கூடுதல் தூரம் போகும்.

இரண்டாவது, பின்னால் தொங்கும் வயிறு பெரிதாகும். விசை ஏற்றுவது அந்த வயிறுதான்.

மூன்றாவது, கை ஒரே அளவு திரும்பினாலும் நுனி போகும் தூரம் மாறும். 9 அடிக் கோல் நுனியைவிட 11 அடிக் கோல் நுனி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் பயணம் செய்யும். எனவே நீளக் கோலைப் பிடித்தவர் கையை மெதுவாக அசைக்க வேண்டும். குட்டைக் கோலில் பழகிய வேகத்தை நீளக் கோலில் காட்டினால், தண்ணீரில் கிடக்கும் நங்கூரம் பிய்த்துக்கொண்டு வந்து, முள் பின்பக்கம் பறக்கும்.

நீளத்துக்கு விலையும் உண்டு. கோல் நீண்டால் மணிக்கட்டின் பாரம் கூடும். மீன் மாட்டியபின் அது உங்கள் கையை இழுக்கும் நெம்புகோலும் நீளும். கரையோர மரக்கிளை தாழ்ந்திருந்தால் நிமிர்த்தவே முடியாது.

எந்த இடத்துக்கு எந்த நீளம்?

• 7 முதல் 7½ அடி: தலைக்கு மேல் கிளை மூடிய வாய்க்கால், தோப்புக்குள் இருக்கும் சின்னக் குட்டை. 15 முதல் 20 அடிக்குமேல் உருட்டுவது சிரமம். ஆனால் அங்கே அதற்குமேல் தேவையும் இருக்காது.

• 9 அடி: பொதுவான அளவு. ஒரு கோல் மட்டும்தான் வாங்க முடியும் என்பவருக்கு இதுதான். பழகிய கைக்கு 35, 40 அடி வரை உருளும். 5 அல்லது 6-ஆம் எண் கயிறு பொருத்தம்.

• 10 முதல் 11 அடி: பின்னால் முள், மேலே திறந்த வானம் என்றிருக்கும் ஏரிக்கரைக்கு மிகப் பொருத்தம். நாணல், சம்பு வளர்ந்த ஓரத்தைத் தாண்டிக் கயிற்றைப் போடவும் இந்த உயரம் உதவும்.

• 12 அடிக்கு மேல்: இரண்டு கையால் பிடிக்கும் கோல். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில், பின்னால் மேடும் மரமும் அடைத்துக்கொண்டிருந்ததால் இந்த நீளக் கோலும் அதற்கான வீச்சும் வளர்ந்தன. அகன்ற ஆற்றுக்கு அது சரி. நம் ஏரி ஓரத்தில் மேயும் ஜிலேபி கெண்டைக்கு இவ்வளவு தேவையில்லை.

ஆக, எவ்வளவு தூரம் எறிய ஆசை என்று பார்த்து நீளத்தைத் தேர்வு செய்யாதீர்கள். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

கயிற்றிலும் ஒரு விஷயம் உண்டு. முன்பகுதி மட்டும் தடித்து, பின்பகுதி மெலிந்த கயிறுகள்தான் கடைகளில் அதிகம். தடித்த பகுதி முடிந்து மெல்லிய பகுதி கோலுக்கு வெளியே வந்துவிட்டால், மெலிசு தடித்ததைத் தள்ள முடியாது. உருட்டு அங்கேயே நின்றுவிடும். நடுப்பகுதி முழுக்க ஒரே தடிமனாக இருந்து, இரு முனையும் மெலியும் கயிறு உருட்டு வீச்சுக்கு நல்லது. ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

ஐந்து படிகள்

1. 20, 25 அடி கயிறு முன்னால் தண்ணீரில் நேராகக் கிடக்கட்டும். கோல் நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்கட்டும். தொடக்கத்தில் தொய்வு இருந்தால், பாதி வீச்சு அந்தத் தொய்வை எடுக்கவே செலவாகிவிடும்.

2. கோலை மெதுவாகப் பின்னால் கொண்டுவாருங்கள். கயிறு தண்ணீர் மேல் சறுக்கி வர வேண்டும். பிய்த்துக்கொண்டு எழக் கூடாது. கோல் உடம்பைவிட்டுச் சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அப்போதுதான் கயிறு முகத்தை உரசாது.

3. கை காது உயரத்துக்கு வந்து, கோல் சற்றே பின்னால் சாய்ந்ததும் நிறுத்துங்கள். கயிறு தோளுக்குப் பின்னால் வயிறு தள்ளித் தொங்கும்வரை பொறுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். இங்கே நிற்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. நீளக் கோலில் இன்னும் ஒரு நொடி கூடுதலாக நில்லுங்கள்.

4. இப்போது முன்னால். மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏற்றி, கண் உயரத்தில் இருக்கும் கம்பத்தில் சுத்தியலால் ஆணி அடிப்பதுபோல் 'டக்' என்று நிறுத்துங்கள். நிறுத்துவதில்தான் மடிப்பு பிறக்கிறது.

5. கயிறு உருண்டு விரிந்து முடியும்வரை கோல் மேலேயே இருக்கட்டும். விரிந்த பிறகு இறக்குங்கள்.

வலக்கைக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீரில் கிடக்கும் கயிற்றுக்கு இடப்பக்கமாகத்தான் இலக்கு இருக்க வேண்டும். அதன் குறுக்கே வீசினால் கயிறு கயிற்றிலேயே சுற்றிக்கொள்ளும். இடக்கைக்காரர்களுக்கு இது மாறும்.

கயிறு விரியாமல் முன்னால் குவியலாக விழுகிறதா? பெரும்பாலும் கோலைத் தண்ணீரை நோக்கி அடித்திருப்பீர்கள். நெல் அடிப்பதுபோல் கீழ்நோக்கி ஓங்காதீர்கள். எதிர்க்கரையைப் பார்த்துத் தள்ளுங்கள். வீச்சுவலைக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். பலத்தைக் காட்டுகிறவரின் வலை சுருண்டு விழும். நிதானமாக உடம்பைத் திருப்பி, சரியான நேரத்தில் விடுகிறவரின் வலைதான் வட்டமாக விரியும். கோலுக்கும் அதே நிதானம்தான் வேண்டும்.

காசு செலவழிக்காமல் பழக

ஃபிளை ராடு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் மூங்கில் தூண்டிலே போதும். நிழலில் உலர்த்திய, நுனி மெலிந்த 10 முதல் 12 அடி மூங்கிலாகப் பாருங்கள். ஜப்பானிய மலை ஓடைகளிலும் ரீல் இல்லாமல், நுனியில் கயிறு கட்டிய நீளக் கோலால் பொய்ப்பூச்சி வீசுகிறார்கள். 'டென்காரா' என்று பெயர்.

ஒற்றை நைலான் நரம்பு மெல்லிசாக இருப்பதால் உருளாது. நரம்பை முறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோல் பக்கம் மூன்று இழை, நடுவில் இரண்டு இழை, நுனியில் ஒற்றை இழை. தடிமன் படிப்படியாகக் குறைந்தால் மடிப்பு நுனிவரை ஓடும். மொத்த நீளம் கோலின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருந்தால், மாட்டிய மீனைக் கையால் எட்டிப் பிடிக்கலாம்.

கடற்கரைப் பக்கம்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை உள்ள பகுதியில் கதை வேறு. முட்டுக்காடு உப்பங்கழி, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் தண்ணீர் அமைதி. உருட்டு வீச்சு நன்றாகவே வரும். அங்கே கவனிக்க வேண்டியது காற்று. பகலில் வெயில் ஏறியதும் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். வலக்கைக்காரர் தெற்கு நோக்கி நின்றால் காற்று இடப்பக்கம் இருந்து வந்து, கயிற்றை உடம்பைவிட்டு விலக்கும், அது பாதுகாப்பு. வடக்கு நோக்கி நின்றால் காற்று முள்ளை முகத்துக்கே கொண்டுவரும். வேறு வழியில்லை என்றால் கோலை இடத்தோளுக்கு மேல் சாய்த்து வீசுங்கள். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்து எறிந்தால், முதுகுக் காற்று கயிற்று வயிற்றை உள்ளே தள்ளி விசையைக் கெடுக்கும்.

திறந்த கடற்கரையில் உருட்டு வீச்சை நம்ப வேண்டாம். அலை நங்கூரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னால் மணல்வெளி காலியாக இருப்பதால் 12, 13 அடி நீளமான கடற்கரை ராடும் ஈயக்குண்டும்தான் அங்கே சரி.

நீளக் கோலும் மின்கம்பியும்

இதைக் கட்டாயம் படியுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நனைந்த மூங்கிலும் கடத்தும். வயல்வெளியில் செல்லும் 11 கே.வி. வரையிலான உறையில்லாத கம்பிக்கு மின் விதிகள் கேட்கும் குறைந்தபட்ச உயரம் தரையிலிருந்து 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி. 11 அடிக் கோலைத் தோள் உயரத்தில் பிடித்து நிமிர்த்தினாலே நுனி 15, 16 அடிக்குப் போய்விடும். இதில் ஏரிக்கரை மேடு வேறு. பம்ப்செட்டுக்குப் போகும் கம்பி தொய்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

எனவே கரையில் நிற்கும் முன் அண்ணாந்து பாருங்கள். கம்பி தென்பட்டால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். கோலைத் தூக்கிக்கொண்டு கம்பிக்கு அடியில் நடக்காதீர்கள்; கழற்றி, படுக்கையாக எடுத்துச் செல்லுங்கள். கம்பியில் மாட்டிய நரம்பை இழுக்கவே கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையைவிட்டு இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று அனுமதி. பல ஏரிகளில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை. வேடந்தாங்கல் போன்ற பறவைகள் சரணாலயத்தில் தூண்டில் எடுக்கவே கூடாது. அறுந்த நரம்பை எங்கேயும் விட்டுவராதீர்கள். அது நாரைக்கும் கொக்குக்கும் காலில் சுருக்கு. மேய வரும் ஆட்டுக்கும்தான்.

வாசகர் கேள்விகள்

பண்ணைக்குட்டையில் ஜிலேபி பெருகிவிட்டது. தூண்டில் போட்டே ஒழிக்க முடியுமா?

முடியாது. அது சின்ன வயதிலேயே, ஆண்டுக்குப் பல முறை இனப்பெருக்கம் செய்யும். முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். தூண்டிலால் வீட்டுக் குழம்புக்கு மீன் கிடைக்கும், கூட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கோடையில் குட்டையை முழுக்க வற்றவைத்துக் காயவிடுவதும், தண்ணீர் வரும் வழியில் நெருக்கமான வலை கட்டுவதும்தான் நிரந்தர வழி.

வளர்ப்புக் கெண்டைகள் பொய்ப்பூச்சியைக் கடிக்குமா?

ரோகு, கட்லா கடிப்பது அரிது. ஜிலேபி, சின்னக் கெண்டை வகைகள் கடிக்கும். மாலையில் தண்ணீர் மட்டத்தில் 'பொளக் பொளக்' என்று வாய் வைக்கும் நேரம்தான் நல்ல நேரம். விரால் இருக்கும் இடத்தில் தவளைபோல் மிதக்கும் பெரிய பொய் இரை வேண்டும். அதற்குக் கயிறும் கனமாக வேண்டும்.

உப்பங்கழியில் கொடுவா பிடிக்க எந்தக் கோல்?

9 அடி, 8-ஆம் எண் கயிறு. கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் வெட்டும். கையை அங்கே விடாதீர்கள். கொடுவாவை வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-லேயே இந்த மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டியது. குஞ்சு, வளர்ப்பு முறை பற்றி அங்கேயே கேட்கலாம்.

பத்து வயது மகன் ஆசைப்படுகிறான். எந்த நீளம் கொடுக்கலாம்?

7½ அல்லது 8 அடி, எடை குறைந்ததாக. நீளக் கோலைக் கொடுத்தால் கை சோர்ந்து, வீச்சு கெட்டுவிடும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னப் பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள். விரலில் ஏறினாலும் எளிதாக வெளியே வந்துவிடும். முள் கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் நீங்களே எடுக்க முயலாதீர்கள். அழுத்தாமல் மூடி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீச்சல் தெரியாத பிள்ளையை ஏரிக்கரையில் தனியாக விடாதீர்கள். முதல் பாடம் நடவுக்குக் காத்திருக்கும் வயலில், முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் நடக்கட்டும்.